நீல முட்டையும் என் நர்சம்மாவும்

முதல் நீல முட்டையை நான் பார்த்தது நர்சம்மாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். எவர்சில்வர் கிண்ணத்தில் அரை டஜன் முட்டைகள், துவைத்துத் துவைத்து வெளுத்த நீலச் சட்டையின் நிறத்தில். கீழே 'எங்கள் வீதியின் அதிசயம்' என்று எழுதி ஓர் இதயப் படமும் போட்டிருந்தாள். எத்தனையோ வருடமாக என் கோழிகளின் முட்டையைத் தின்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் முட்டைக்கு ஸ்டேட்டஸ் வைத்ததுண்டா? கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதித் துணியைக் காயப்போடப் போனேன்.

நர்சம்மா எங்கள் எதிர்வீட்டுக்காரி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து, முழங்கால் வலி வந்ததும் வேலையை விட்டவள். வீதியே அவளை நர்சம்மா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான் அவளைப் பற்றிப் பேசுவேன். நேரில் அம்மணி. நாங்கள் இருப்பது சிங்காநல்லூரில், குளத்துக்குப் போகும் வழியில் ஒரு பழைய லே-அவுட். என் வீட்டுக்காரர் பம்ப் உதிரிபாகங்களை லேத்தில் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் உள்ள பொடக்காளியில் பாதியை அவருடைய இரும்புச் சாமான்களுக்கு விட்டுக்கொடுத்து, மீதியை நானும் என் கோழிகளும் செடிகளும் பிடித்துக்கொண்டோம்.

சமையல் முடிந்து, வீட்டுக்காரர் பட்டறைக்குப் போனபின், பதினொரு மணி வாக்கில் நர்சம்மா வருவாள். முன்வாசல் வழியாக வருகிறவர்கள் விருந்தாளிகள். அவள் பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே பொடக்காளிக்கு வந்து, துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, "டீ இருக்குதுங்களாக்கா?" என்பாள். அந்த ஒரு மணி நேரம் எங்களுடையது. அவள் வீட்டு முன்புறத்தில் இருக்கும் செம்பருத்தி, நந்தியாவட்டை, பன்னீர் ரோஜா எல்லாம் இங்கிருந்து நான் ஒடித்துக் கொடுத்த குச்சிகள். வீதியில் யாருக்குக் குச்சி வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். 'அக்காவுக்கு ராசியான கை' என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது.

இப்படி இருந்த இடத்தில்தான் பல்லடத்துக்காரி வந்து சேர்ந்தாள். பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிற குடும்பம். மகளின் காலேஜ் படிப்புக்காகக் கோயமுத்தூரில் வீடு வாங்கிக்கொண்டு, எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடிவந்தார்கள். ஊரில் ஷெட் ஷெட்டாக வெள்ளைக் கோழி வளர்க்கிறவளுக்கு, ஆசைக்கென்று தனியாக நாலு கோழி வேண்டுமாம். பாலக்காட்டுப் பக்கம் யாரிடமோ சொல்லி வைத்து வரவழைத்திருந்தாள். கன்னத்தில் தாடி வைத்த மாதிரி இறகு புசுபுசுவென்று நிற்கும் கோழிகள், கூட ஒரு நாட்டுச் சேவல். அவற்றுக்குக் கம்பிவலை போட்டு, சிமெண்ட் தளம் போட்டு, ஓடு வேய்ந்து ஒரு வீடு. எங்கள் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் என்னைக் குடிவைத்த வாடகை வீடு அதைவிடச் சின்னது.

ஸ்டேட்டஸ் வந்த மறுநாள் நர்சம்மா பதினொரு மணிக்கு வரவில்லை. பன்னிரண்டாகப் போகும்போது மூச்சு வாங்க வந்தாள்.

"அக்கா, அந்த ஊட்டுக் கோழி நீலக் கலர்ல முட்டை போடுதுங்கக்கா! கையில எடுத்தா சூடா இருக்குது. நீங்க வந்து பாக்கோணும்."

"பெயிண்டா இருக்கும் அம்மணி. எதுலதான் கலப்படம் இல்ல இப்ப?"

"அட போங்கக்கா. கோழி உட்கார்ந்து எந்திரிச்சத என்ற கண்ணால பார்த்தேன்."

டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். அங்கேயே குடித்துவிட்டாளாம். ஏலக்காய் தட்டிப் போட்ட டீயாம். என் எரிச்சல் புரியாமல் ரெண்டு முட்டையைக் கையில் வேறு கொடுத்துவிட்டுப் போனாள். அவற்றைப் போட்டுக் கொண்டுவந்த டப்பா, போன மாதம் நான் அவளுக்கு அதிரசம் கொடுத்தனுப்பிய டப்பா.

அவள் தலை மறைந்ததும் முட்டையைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். முதலில் வெறும் தண்ணீர். அப்புறம் சோப்பு போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். நிறம் போகவில்லை. எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தேன். சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் சற்று நேரம் நின்று பார்த்தார்.

"ஏம் புள்ள, முட்டைக்கு எதுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டற? தீபாவளியா?"

வேகவைத்துப் பார்த்தேன், தண்ணீர் தெளிவாகவே இருந்தது. உரித்தால் ஓட்டின் உள்பக்கமும் அதே நீலம். கரு மட்டும் நம் நாட்டுக்கோழிக் கருவைப் போலவே மஞ்சளாக இருந்தது, அதில் ஓர் ஆறுதல். தின்றும் பார்த்தேன். நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. மாலையில் நர்சம்மா கேட்டபோது, "கொஞ்சம் வாடை அடிக்குது அம்மணி" என்றேன்.

இதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு இஷ்டமில்லை. பொறாமைதான். நீல முட்டை போடும் கோழி மேல் பொறாமை, கோழி வீட்டின் ஓட்டின் மேல் பொறாமை, ஏலக்காயின் மேல் பொறாமை. எதிர்வீட்டிலிருந்து பல்லடத்துக்காரி வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நர்சம்மாவின் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும், வலதுகாலை லேசாக இழுப்பாள். அந்தச் சத்தம் என் சந்துக்குள் திரும்புகிறதா, நேரே போகிறதா என்று காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். நேரே போகிற நாட்களில் குழம்பில் உப்புக் கூடிவிடும்.

மார்கழிக் குளிர் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் நர்சம்மாவின் கிறிஸ்துமஸ் கேக்குக்கு முட்டை என் வீட்டிலிருந்துதான் போகும். அதற்காகவே கார்த்திகை கடைசியிலிருந்து ஒன்றுகூட விற்காமல், வீட்டுக்காரருக்கு ஆம்லெட் போடாமல் சேர்த்து வைப்பேன். அந்த வருடமும் சேர்த்து வைத்துக் காத்திருந்தேன். அவள் முட்டை கேட்டு வரவில்லை. கேக் மட்டும் வந்தது. முதல் துண்டு எப்போதும் போல எனக்கு. தட்டை நீட்டிக்கொண்டு, "இந்தத் தடவை நீல முட்டைல செஞ்சு பார்த்தனுங்கக்கா, எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க" என்று ஆசையாகக் கேட்கிறாள். வாயில் போட்டதும் எனக்கு இருமல் வந்துவிட்டது. திராட்சை என்று சொல்லிச் சமாளித்தேன். சேர்த்து வைத்த முட்டையை எல்லாம் குழம்பு வைத்தேன், மூன்று நாளைக்கு முட்டைக் குழம்பு.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். இருவாட்சியைத்தான் தாங்க முடியவில்லை.

இருவாட்சி என்பது மல்லிகை ஜாதி. ரோஜாவைப் போல அடுக்கடுக்காகப் பூக்கும், ஒரு பூ கொண்டையில் இருந்தால் போதும். குச்சி ஒடித்து வைத்தால் லேசில் வராது. கிளையை ஒடிக்காமல் வளைத்து, மண்ணில் புதைத்து, மேலே கல்லை வைத்துப் பதியம் போட வேண்டும். வேர் விட்டபிறகுதான் தாய்ச் செடியிலிருந்து வெட்ட வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு கோயில் நந்தவனத்தில் பூப்பறிப்பவரிடம் கெஞ்சி வாங்கி வந்த செடி அது. வீதியில் எல்லாருக்கும் எல்லாச் செடியும் கொடுப்பேன், இருவாட்சி மட்டும் கொடுக்க மாட்டேன். கேட்டால் 'வராதுங்க' என்று சொல்லிவிடுவேன். நர்சம்மாவுக்கு மட்டும், அவள் வேலையை விட்டு வீட்டுக்கு வந்த அன்று, பதியம் போட்டு வேர் விட்ட செடியைத் தொட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தை பிறந்து ஒரு நாள், கொடியில் போர்வை காயப்போடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் பார்வை போனது. பல்லடத்துக்காரியின் புதுத் தொட்டியில் இருவாட்சி. இலையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். என் செடியின் பிள்ளைக்குப் பிள்ளை. நர்சம்மாவுக்கு மட்டும் என்று நான் கொடுத்ததை, அவள் எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறாள். அதுவும் பொறுமையாகப் பதியம் போட்டு, கல் வைத்து, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே!

சண்டை போட வேண்டும் என்று முடிவு செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தையைக்கூடக் கோத்து வைத்தேன். அதற்குள் பல்லடத்துக்காரி ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். ஊர்ப் பண்ணையிலிருந்து வந்த கோழி எரு. ஷெட்டிலிருந்து அள்ளியதும் கட்டிய புது எரு, வாடை சுவர் தாண்டி வந்தது. பண்ணைக்காரர்கள் வீட்டில் எருவுக்கு என்ன பஞ்சம்? ரெண்டு கையாலும் வாரி இருவாட்சியின் அடியில் கொட்டப்போனாள்.

"ஏனுங்க! கொட்டாதீங்க! பச்சை எருங்க அது, வேர் வெந்து போயிரும்!"

கத்தியது நான்தான். கத்தியபிறகுதான் எனக்கே தெரிந்தது. போகட்டும், கருகட்டும் என்று இருந்திருந்தால் ஒரு வாரத்தில் என் மனம் குளிர்ந்திருக்கும். ஆனால் அந்தச் செடி என் கண்முன்னால் வேகுவதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? அவள் எருவோடு அப்படியே நின்றாள்.

"நாங்க தென்னைக்கெல்லாம் இதைத்தானுங்க போடுவோம்?"

"தென்னை மரமுங்க, தாங்கும். இது கைக்கொழந்தை. ஆறு மாசம் மக்க வெச்சுப் போடுங்க."

"அப்பிடிங்களா! அதான் போன மாசம் வெச்ச ரோஜா எல்லாம் கருகிப் போச்சுங்களா?" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நல்ல வேளை சொன்னீங்கக்கா."

அக்காவாம். பேசியதே அன்றுதான் முதல் தடவை, அதற்குள் அக்கா. கோத்து வைத்த சண்டை கையில் அப்படியே இருந்தது. எங்கே போடுவது என்று தெரியாமல் உள்ளே போய்விட்டேன்.

மாசியில் என் பெட்டைக்கோழி ஒன்று அவயத்துக்குப் படுத்தது. முட்டையிட்டு முடித்த கோழி எழுந்திருக்காமல் கூடையிலேயே கிடக்கும், கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வரும். அப்போது முட்டை வைத்தால் அடைகாத்துப் பொரித்துவிடும். இந்தச் சேதி எப்படியோ தெரிந்து நர்சம்மா சந்து வழியாக வந்தாள். நெடுநாள் கழித்துச் சரியாகப் பதினொரு மணிக்கு. எனக்கு உள்ளே ஒரு துள்ளல். டீ போட்டேன், ஏலக்காய் ரெண்டு தட்டிப் போட்டேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கோணும். அந்தத் தாடிக் கோழி மட்டும் அவயத்துக்கே படுக்க மாட்டேங்குதாமுங்க. நீல முட்டைல குஞ்சு எடுக்கோணும்னு அவங்களுக்கு நெம்ப ஆசை. உங்க கோழிக்கு வெக்கறீங்களா? வாரத்துக்கு உட்டுக்கலாமுங்க."

வாரம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முட்டை ஒருத்தியுடையது, கோழி இன்னொருத்தியுடையது. பொரித்து, தாய் குஞ்சுகளைக் கொத்திப் பிரித்துவிடும் வயது வரை வளர்த்தபின் ஆளுக்குப் பாதி. வளர்த்தவள் முதலில் எடுத்துக்கொள்ளலாம். எனக்காக வந்தாள் என்று நினைத்தால், அவளுக்காக அல்லவா வந்திருக்கிறாள்! ஆனாலும் உடனே சரி என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடு, சிமெண்ட் தளம், கம்பிவலை எல்லாம் இருந்து என்ன? குஞ்சு பொரிக்க என் கோழியின் வயிற்றுச் சூடு வேண்டியிருக்கிறதே!

கூடையில் தவிடு பரப்பி, நீல முட்டைகளை அடுக்கி, இடி இடித்தால் முட்டை கெடக்கூடாது என்பதற்காக வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து ஒரு போல்ட்டைக் கொண்டுவந்து ஓரத்தில் வைத்தேன். அந்த மூன்று வாரமும் நான் ராணி. பல்லடத்துக்காரி தினமும் சுவரோரம் வந்து, "கோழி எந்திரிச்சுதுங்களாக்கா? தீனி எடுத்துதுங்களா?" என்று விசாரிப்பாள். சத்தம் போடாதீங்க என்று விரலைக் காட்டுவேன். நர்சம்மா என் பொடக்காளியே கதியென்று கிடந்தாள், கூடையைப் பார்க்க. கூடையைப் பார்க்க வருகிறாளா, என்னைப் பார்க்க வருகிறாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முக்கால்வாசி பொரித்தது. பருந்துக்கும் கீரிக்கும் தப்பி, சித்திரை தாண்டிக் குஞ்சுகள் வளர்ந்தன. பிரிக்கும் நாள் வந்தது. மூன்று பேரும் பொடக்காளியில் கூடினோம், நர்சம்மா நடுவில். வளர்த்தவள் நான், முதல் எடுப்பு எனக்கு. நன்றாகக் கவனித்து வைத்திருந்தேன். கன்னத்தில் தாடி முளைத்தவை எவை, மொட்டைக் கன்னம் எவை என்று. ஒவ்வொரு முறையும் தாடி வைத்ததாகப் பார்த்து எடுத்தேன். பல்லடத்துக்காரி கைக்கு வந்ததை எடுத்தாள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. மண் நிறத்தில், தாடியும் இல்லாமல், ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்ற ஒற்றைக் குஞ்சு.

"இது நர்சம்மாவுக்கு" என்றோம் நானும் அவளும் ஒரே நேரத்தில். நான் அவளை முறைத்தேன்.

நர்சம்மா குஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தலையைத் தடவினாள். அப்புறம், "எனக்கு எதுக்குங்கக்கா? நாந்தான் போறேனே" என்றாள்.

"எங்க போற?"

நியூசிலாந்தில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். ஆறு மாதம் அங்கே இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அடுத்த வாரம் விமானம். நான் பல்லடத்துக்காரியைப் பார்த்தேன். அவள் குஞ்சுக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அதிர்ச்சி இல்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

அந்த ஒரு வாரத்தை எப்படி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். நர்சம்மா போவதைவிட, போகிறாள் என்பது எனக்கு இரண்டாவதாகத் தெரிந்தது என்பதுதான் உறுத்தியது. மகளுக்கும் குழந்தைக்கும் இரண்டு சென்னிமலைப் போர்வை வாங்கிக் கொடுத்தேன். விடிகாலையில் கார் வந்து நின்றபோது நர்சம்மா வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள். அடுத்து பல்லடத்துக்காரியிடம் திரும்பி, "செடிக்கெல்லாம் நீங்க தண்ணி உட்டுக்கோங்க" என்றாள். நான் ஒடித்துக் கொடுத்த செடிகள், தண்ணீர் விட அவள்! நல்லவேளை, சாவியாவது என்னிடம் என்று முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து நர்சம்மா வீட்டு வாசலில் நாங்கள் ரெண்டு பேரும் சந்திக்க வேண்டியதாயிற்று. நான் கதவைத் திறந்து கூட்டிவிட்டு வருவேன். அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதிகமாகத் தண்ணீர் விடுகிறாளா என்று நான் பார்ப்பேன். உள்ளே எந்த அறையைத் திறந்தேன் என்று அவள் பார்ப்பாள். ஒரு நாள் குழாயை மூடாமலே என்னைப் பார்த்து அவளாகச் சொன்னாள்:

"உங்களுக்கு எம்மேல கோவம், எனக்குத் தெரியுமுங்கக்கா. என்கிட்ட முன்னாடியே சொல்லிப்போட்டாங்கன்னு. எப்படிச் சொன்னாங்க தெரியுமுங்களா? கோழிக்குத் தீனி போட்டுட்டே, 'ஊருக்குப் போறேனுங்க'ன்னு. அவ்வளவுதான். அப்பறம் அழ ஆரமிச்சாங்க. ஏங்க அழுகறீங்கன்னு கேட்டா, 'அக்காகிட்ட எப்படிச் சொல்றது'ங்கறாங்க. நாலு நாளா அதே பேச்சு. நான் ஒருத்தி எதுர்ல நிக்கறது அவங்க கண்ணுக்கே தெரியலீங்க."

சொல்லும்போது அவள் உதடு கோணியது. அதை நான் நன்றாக அறிவேன், கண்ணாடியில் பலமுறை பார்த்த கோணல். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: வீட்டுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். மதியம் ஒரு தட்டுச் சோறு கூடவே இறங்கியது.

குஞ்சுகள் வளர்ந்தன. என் தாடிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கொண்டை சிவந்து, ஒரு நாள் காலையில் எல்லாரும் சேர்ந்து கூவினார்கள். அத்தனையும் சேவல்! பார்த்துப் பார்த்து எடுத்தது அத்தனையும் சேவல். பல்லடத்துக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடையதில் இரண்டைக் கீரி கொண்டுபோனது, மீதியெல்லாம் தவிட்டு நிறத்தில் முட்டை வைத்தன. அதற்கு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நர்சம்மாவின் ஒற்றைக் குஞ்சு மட்டும் யார் கணக்கிலும் சேராமல் என் பொடக்காளியில் துவைக்கிற கல்லைச் சுற்றித் திரிந்துகொண்டிருந்தது.

நர்சம்மா திரும்பி வர இரண்டு வாரம் இருக்கும்போது அந்தக் கோழி, கல்லுக்குப் பின்னால், இரும்புச் சாமான்களின் சந்தில் முதல் முட்டையை இட்டது. நீலம். மற்ற முட்டைகளைவிடச் சின்னது, ஆனால் அசல் நீலம். எடுத்துக்கொண்டு சுவரோரம் ஓடினேன். "ஏனுங்க, சீக்கிரம் வாங்க!" என்று நான்தான் அவளைக் கூப்பிட்டேன். பல்லடத்துக்காரி முதல் தடவையாகச் சந்து வழியாக வந்தாள்.

நர்சம்மாவுக்கு வீடியோ கால் போட வேண்டும். யார் போனில் போடுவது? 'என் கோழி பொரித்தது, என் போன்' என்றேன். 'என்ற முட்டைங்க, என்ற போனு' என்றாள். கடைசியில் அவளுடைய போனைத் துவைக்கிற கல்லின்மேல் சொம்புக்குச் சாய்த்து வைத்து, முட்டையை நான் வைத்துக்கொள்வது என்று முடிவானது. கைக்குள் மூடி வைத்துக்கொண்டு, நர்சம்மா எடுத்ததும் திறந்து காட்டலாம் என்று இருந்தேன். இங்கே காலை, அங்கே சாயங்காலம். தோளில் சென்னிமலைப் போர்வையோடு நர்சம்மா வந்தாள். கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

"அக்கா! அட, ரெண்டு பேரும் ஒட்டுக்கா இருக்கறீங்களா! இருங்க இருங்க, மொதல்ல ஒண்ணு காட்டோணும்."

படம் ஆடிக்கொண்டே போய்ச் சமையலறைச் சன்னலில் நின்றது. ஓர் அட்டைப் பெட்டி நிறைய முட்டைகள். நீலம், பச்சை, காப்பிக்கொட்டை நிறம், புள்ளி போட்டது.

"பக்கத்து ஊட்டம்மா குடுத்தாங்க. அவங்களும் நர்சா இருந்தவங்களாமுங்க. பேசறது பாதி புரியாது, இருந்தாலும் பதினொரு மணி ஆச்சுன்னா டீக்கு வந்துருவாங்க. இந்தா பாருங்க, அவங்க ஊட்டு ரோஜாக் குச்சி. டம்ளர்ல போட்டு வெச்சேன், வேரு உட்டிருச்சு!" பின்னாலிருந்து வெள்ளை முடி வைத்த ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தாள். நர்சம்மா அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். "விசாவ இன்னும் மூணு மாசம் நீட்டியாச்சுங்கக்கா. இருந்துபோட்டு வாரேன். ஆமா, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

முட்டை என் கைக்குள் இன்னும் சூடாக இருந்தது. கையை மெதுவாக முந்தானைக்குள் இறக்கினேன்.

"ஒண்ணுமில்ல அம்மணி. சும்மா பாக்கலாமுன்னுதான்."

பல்லடத்துக்காரி என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "ஆமாங்க, சும்மாதானுங்க" என்றாள்.

போனை அணைத்தபின் ரெண்டு பேரும் கல்லின்மேலேயே உட்கார்ந்திருந்தோம். சேவல் ஒன்று அவள் செருப்பைக் கொத்திப் பார்த்தது. அவள் விரட்டவில்லை.

"அந்தம்மா சிரிச்சது எனக்குப் புடிக்கவே இல்லீங்கக்கா."

"அந்த முட்டையப் பார்த்தீங்களா? பெயிண்டா இருக்கும்."

உள்ளே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். அவள் வெங்காயம் நறுக்கினாள். நீல முட்டையை உடைத்து ஊற்றினேன். நர்சம்மாவின் கோழி, நர்சம்மாவின் முட்டை. வெந்ததும் நடுவில் கரண்டியால் வெட்டி, வார முறைப்படி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம்.

"வாடை ஒண்ணும் இல்லீங்களே?" என்றாள்.

"இல்ல கண்ணு" என்றேன். சுவர்க்கடிகாரத்தில் மணி பதினொன்று. டீக்குப் பால் வைத்தேன், ரெண்டு பேருக்கு.